அகல் விளக்கு பிஸ்கட்டுக்கு மூன்று நாள் வேண்டும்

"அக்கா, போன மார்ச் 12, நம் மொரீஷியஸ் சுதந்திர தினத்துக்காக மகளின் வகுப்புக்கு இதய வடிவத்தில் கொடி பிஸ்கட் செய்தேன். இரண்டு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். வெண்ணெயையும் சர்க்கரையையும் மெஷினில் பத்து நிமிடம் அடித்தேன். ஓவனிலிருந்து எடுத்தால் இதயமெல்லாம் வட்டமாகிவிட்டது. பரவாயில்லை என்று மேலே ஐசிங்கில் நாலு நிறமும் போட்டேன். இரவு பதினொரு மணிக்கும் ஈரம் போகவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் சிவப்பு நீலத்துக்குள் இறங்கியிருக்கிறது, நீலம் மஞ்சளுக்குள் இறங்கியிருக்கிறது. மகள் அழுதேவிட்டாள். வரும் தீபாவளிக்கு அகல் விளக்கு வடிவத்தில் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஆசை. ஆனால் மாமியார் முட்டை தொடமாட்டார். நான் எங்கே தவறினேன்? முட்டை இல்லாமல் வருமா? நம் ஊர்ப் பழுப்புச் சர்க்கரையைச் சேர்க்கலாமா?"

கியூர்பீப்பிலிருந்து ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

செய்ததை எல்லாம் அளவோடும் நேரத்தோடும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் பதில் சொல்வது எனக்குச் சுலபமாகிவிட்டது. ரோஸ் ஹில்லில் இருபது வருடத்துக்கும் மேலாக பிஸ்கட் சுட்டு ஐசிங் போடும் வேலையைச் செய்கிறேன். என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் உங்கள் கேள்விதான். காலையில் மாவு பிசைந்து, மதியம் சுட்டு, மாலையில் வண்ணம் போட்டு, மறுநாள் பள்ளிக்கு அனுப்பப் பார்க்கிறோம். இந்த பிஸ்கட் அப்படி வராது. மாவு குளிர ஒரு நாள், சுட்டது ஆற ஒரு நாள், ஐசிங் காய ஒரு நாள் என்று மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டால் எந்த நாளிலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை இருக்காது.

முதலில் இதயம் ஏன் வட்டமானது என்று பார்ப்போம். நாப்போலித்தேன் பிஸ்கட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு வட்ட பிஸ்கட், நடுவில் ஜாம், மேலே ரோஜா நிற ஐசிங். அந்த வட்டத்தை எப்படி வெட்டினோமோ அப்படியே ஓவனிலிருந்து வெளியே வரும், ஓரம் கலையாது. அதன் மாவில் சேர்வது மைதாவும் வெண்ணெயும்தான், சர்க்கரை சேர்ப்பதில்லை. இனிப்பெல்லாம் ஜாமிலும் மேல்பூச்சிலும் இருக்கிறது. சர்க்கரை ஓவன் சூட்டில் இளகிப் பாகாகிறது. வெண்ணெயும் அதே நேரத்தில் உருகுகிறது. இரண்டும் சேர்ந்து மாவை ஓட வைக்கின்றன. மைதா வெந்து இறுகுவதற்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு வடிவம் போகும்.

இப்போது உங்கள் அளவைப் பாருங்கள். ஒரு கப் சர்க்கரை 200 கிராம் இருக்கும். மைதா ஒரு கப் என்பது தளர அள்ளினால் 120 கிராம், அமுக்கி அள்ளினால் 150 கிராம். ஆக இரண்டு கப் என்றால் 240ஆகவும் இருக்கலாம், 300ஆகவும் இருக்கலாம். 200 கிராம் வெண்ணெய்க்கு அது போதாது. பேக்கிங் பவுடர் மாவை மேலே தூக்கி, பக்கத்தில் தள்ளி, ஓரத்தைக் கரைத்துவிடும். வெட்டு பிஸ்கட்டுக்கு அது தேவையே இல்லை. பத்து நிமிடம் அடித்தீர்களே, அது கேக்குக்குச் சரி. வெண்ணெய்க்குள் காற்று ஏற ஏற பிஸ்கட் உப்பி, பிறகு பரந்து படுத்துவிடும். சர்க்கரை கலந்து வெண்ணெய் மிருதுவாகும்வரை, ஒரு நிமிடம் அடித்தால் போதும்.

ஒரு தராசு வாங்குங்கள். விலை உயர்ந்த கட்டர் செட் வாங்கும் முன் இதை வாங்கச் சொல்லித்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

மாமியாருக்காக முட்டையை விடுவது குறையே இல்லை. வெட்டு பிஸ்கட்டில் முட்டை மாவைச் சேர்த்துப் பிடிக்க மட்டும்தான் உதவுகிறது. அதை இரண்டு கரண்டிப் பால் செய்துவிடும். நான் தீபாவளிக்குச் செய்யும் அளவு இது: உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், சலித்த ஐசிங் சுகர் 120 கிராம், மைதா 330 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பால், ஆறேழு ஏலக்காய் பொடித்தது. சாதாரணச் சர்க்கரைக்குப் பதில் ஐசிங் சுகர் போட்டால் பிஸ்கட் குறைவாகப் பரவும், கடிக்கவும் மெல்லியதாக இருக்கும். வெண்ணெய் விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கியூர்பீப் குளிரில் உங்களுக்கு அந்தப் பக்குவம் எளிது. கீழே போர்ட் லூயிஸில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கால் மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

மைதா சேர்த்த பிறகு மாவு ஒன்றுசேரும் வரைதான் கலக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்தால் பிஸ்கட் இறுகிவிடும், சுடும்போது சுருங்கவும் செய்யும். மாவு சற்று மிருதுவாக இருக்கும்போதே இரண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவே வைத்துத் தேய்த்துவிடுங்கள். கனம் 5 அல்லது 6 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் இரண்டு மரச்சட்டங்களை வைத்து அதன்மேல் கட்டையை உருட்டினால் எங்கும் சமமாக வரும். தேய்த்த மாவைத் தட்டையாகவே ஃப்ரிட்ஜில் வைத்து இரவு முழுக்க விடுங்கள். உருண்டையாக வைத்துவிட்டு மறுநாள் கல் போன்ற மாவுடன் போராடுகிறவர்கள் உண்டு. நீங்கள் அந்தப் பாடு படவேண்டாம். முதல் நாள் வேலை இவ்வளவுதான்.

இரண்டாம் நாள், வெட்டுவது. அகல் விளக்குக்கு கட்டர் தேடி அலைய வேண்டியதில்லை. கனமான அட்டையில் வரைந்து வெட்டி, மாவின்மேல் வைத்து, கூர்க்கத்தியால் சுற்றி வெட்டுங்கள். சுடரின் நுனியை ஊசி போல வெட்டாதீர்கள். அகல் வேகும் முன்னரே அது கருகிவிடும், பையில் போட்டால் முதலில் உடைவதும் அதுதான். கொஞ்சம் மொத்தமாக, வாழைப்பூ நுனி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கட்டர் இருந்தால் மைதாவில் தொட்டு நேராக அமுக்கி நேராக எடுக்க வேண்டும், திருகக் கூடாது. மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை தேய்க்கலாம். அதற்கு மேல் போனால் மாவு ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

வெட்டிய பிஸ்கட்டை தட்டோடு ஃப்ரீசரில் கால் மணி நேரம் வையுங்கள். உங்கள் இதயத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடிய கால் மணி நேரம் அது. உறைந்த வெண்ணெய் உருகத் தாமதமாகும், அதற்குள் மைதா இறுகிவிடும். ஓவன் 175 டிகிரி, விசிறி ஓவன் என்றால் 160. பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். ஓரத்தில் பொன்னிறம் தொட்டதுமே எடுத்துவிடுங்கள், நடுவில் வெளுப்பாக இருந்தால் இருக்கட்டும், சூட்டுத் தட்டிலேயே மீதி வேகும். கேஸ் ஓவனில் பின்பக்கம் எப்போதும் சூடு அதிகம் என்பதால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்புங்கள். பெரியதும் சிறியதும் ஒரே தட்டில் வேண்டாம். முதல் தட்டு வெளியே வந்ததும் அதே சூட்டுத் தட்டில் அடுத்ததை அடுக்குகிறோம் பாருங்கள், அது மாவை ஓவனுக்குப் போகும் முன்னரே உருக்கிவிடும். தட்டு ஆறட்டும்.

சுட்ட அன்றே ஐசிங் போடாதீர்கள். வெளியே ஆறினாற்போல் தெரிந்தாலும் உள்ளே சூடு இருக்கும். அந்தச் சூட்டில் வெண்ணெய் மேலே கசிந்து, வெள்ளை ஐசிங்கில் எண்ணெய்த் திட்டுகள் தோன்றும். டப்பாவில் மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடங்குங்கள்.

இனி ஐசிங். முட்டை வெள்ளைக்குப் பதிலாக உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. நவராத்திரிக்குச் சுண்டல் செய்யும்போது கொண்டைக்கடலை வேகவைத்த நீரை ஊற்றிவிடுகிறோம் இல்லையா, அதுதான். கடலையிலிருந்து கரைந்து வரும் புரதமும் மாவுச்சத்தும் முட்டை வெள்ளை போலவே நுரைக்கும். உப்போ சோடாவோ போடாமல் வேகவைத்த நீராக இருக்க வேண்டும். வடித்து, மிதமான தீயில் வற்றவிட்டு, ஆறியதும் முட்டை வெள்ளை மாதிரி வழவழவென்று இருந்தால் பக்குவம். சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில் போட்டால் தீபாவளிவரை கெடாது. 500 கிராம் ஐசிங் சுகரைச் சலித்து, 75 முதல் 80 கிராம் கடலை நீரும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, மெதுவான வேகத்தில் ஆறேழு நிமிடம் அடியுங்கள். வெள்ளையாக, கரண்டியைத் தூக்கினால் ஐசிங்கின் நுனி மூக்கு மாதிரி மடங்கி நிற்கும். கடலை வாசம் காயும்போது போய்விடும். முட்டை ஐசிங்கைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் காயவிடுங்கள், அவ்வளவுதான்.

முட்டை சாப்பிடும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பச்சை முட்டை வெள்ளையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும் பிஸ்கட்டுக்கு, சூடுபடுத்திப் பதப்படுத்திய முட்டை வெள்ளைப் பொடியையே பயன்படுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அடித்த ஐசிங்கில் இரண்டு பக்குவம் வேண்டும். கோடு போட ஒன்று, உள்ளே நிரப்ப ஒன்று. கோட்டுக்கானது கெட்டியாக, இட்லி மாவை விடவும் இறுக்கமாக இருக்கட்டும். நிரப்புவதற்கு அதிலேயே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தளர்த்த வேண்டும். நடுவில் கத்தியால் ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். பத்திலிருந்து பதினைந்து எண்ணுவதற்குள் அந்தக் கோடு மூடிக்கொண்டால் சரி. ஐந்தில் மூடினால் தண்ணீர் அதிகம், ஓரத்தைத் தாண்டி வழியும், காயவும் காயாது. உங்கள் கொடி ஈரமாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கலக்கியபின் ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வைத்தால் காற்றுக் குமிழ்கள் மேலே வந்துவிடும்.

கோடு போடுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். உங்கள் மாமியார் வாசலில் கோலம் போடுபவரா? அப்படியானால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கோலத்தில் விரலைத் தரையில் தேய்த்தா இழுக்கிறோம்? கை மேலே நிற்கும், மாவு இழையாக விழும், கை போகும் வழியில் இழை படுக்கும். ஐசிங் பையையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். நுனியை பிஸ்கட்டில் ஒட்டி வைத்துத் தொடங்கி, ஓர் அங்குலம் தூக்கி, இழையைக் கீழே விழவிட்டு, முடியும் இடத்தில் மறுபடி தொட்டு நிறுத்துங்கள். ஒட்டியே இழுத்தால் கோடு நடுங்கும். என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் கோலம் போட்டுப் பழகிய பெண்களுக்கு ஒரு மணி நேரத்திலேயே கை வந்துவிடுகிறது. அகல் விளக்கு கஷ்டமாக இருந்தால், டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டி, சிவப்பு பூசிக் காயவைத்து, அதன்மேல் வெள்ளையில் நாலு புள்ளிக் கோலம் போடுங்கள். எனக்கு விளக்கைவிட அதுதான் அழகு.

நிறம் கலங்கியதற்கு வருகிறேன். சிவப்பு நன்றாகச் சிவக்க வேண்டும் என்று நிறைய வண்ணம் ஊற்றியிருப்பீர்கள், அதுவும் தண்ணீர் போன்ற வண்ணமாக இருந்திருக்கும். அது ஐசிங்கைத் தளர்த்திவிடும், சாயமும் தேவைக்கு மேல் மிதக்கும். ஜெல் வண்ணம் வாங்குங்கள். சிவப்பையும் கறுப்பையும் நீங்கள் நினைக்கும் நிறத்துக்கு ஒரு படி வெளுப்பாகக் கலந்து, மூடி, இரவு வையுங்கள். காலையில் தானே கருத்திருக்கும்.

அடுத்தது வரிசை. நாலு நிறத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஈரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எந்த ஊரிலும் கலங்கும். நம் கொடியில் மேலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. முதலில் சிவப்பையும் மஞ்சளையும் மட்டும் போடுங்கள், அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. மேலே நன்றாகத் தோல் கட்டும்வரை இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, பிறகு நீலத்தையும் பச்சையையும் நிரப்புங்கள். அடுத்த மார்ச்சில் மகளுக்கு இப்படிச் செய்து கொடுங்கள்.

மார்ச் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். அது நமக்குப் புயலும் மழையும் உள்ள மாதம், காற்றிலேயே தண்ணீர் நிற்கும். அதுவும் உங்கள் கியூர்பீப் கடல் மட்டத்துக்கு 550 மீட்டர் மேலே, மேகம் வந்து உட்காரும் இடம். ஐசிங் காய்வது என்பது அதிலுள்ள தண்ணீர் காற்றுக்குள் போவதுதான். காற்றில் ஏற்கெனவே இடமில்லை என்றால் அது எங்கே போகும்? அக்டோபர் நம் தீவில் வருடத்திலேயே மழை குறைந்த மாதம். ஆகவே தீபாவளிக்கு உங்களுக்குப் பருவம் துணை நிற்கிறது. அப்படியும் ஜன்னலை மூடி, சமையல் நடக்காத ஓர் அறையில் தட்டுகளைப் பரப்பி, சிறிய மின்விசிறியைப் பக்கவாட்டில் மெதுவாக ஓடவிடுங்கள். சீக்கிரம் காய்ந்தால் பளபளப்பும் நிற்கும். ஈரம் உறிஞ்சும் மின்கருவி வீட்டில் இருந்தால் அந்த அறையிலேயே வையுங்கள். பக்கத்தில் கஞ்சியோ குழம்போ கொதிக்கக் கூடாது. சாதாரணமாக எட்டுப் பத்து மணி நேரத்தில் காய்வது உங்கள் ஊரில் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்கவே கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு கல்யாண ஆர்டருக்கு அறுபது பிஸ்கட்டை அப்படி வைத்தேன். வெளியே எடுத்த பத்து நிமிடத்தில், குளிர்ந்த பாட்டில்மேல் முத்து முத்தாக நீர் அரும்புமே, அப்படி ஒவ்வொன்றின்மேலும் நீர் அரும்பி, பெயர் எழுதிய எழுத்தெல்லாம் ஒழுகிவிட்டது. அறுபதையும் மறுபடி செய்தேன். ஐசிங் போடாத பிஸ்கட்டை ஃப்ரீசரில் வைக்கலாம், டப்பாவைத் திறக்காமலேயே அறைச் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம் திறந்தால் ஈரம் டப்பாவின் வெளியே மட்டும் படியும்.

பழுப்புச் சர்க்கரையைக் கேட்டிருந்தீர்கள். நம் மண்ணில் விளைந்த சர்க்கரையின் வாசனைக்கு ஈடில்லை, எனக்கும் அதில் பிரியம் அதிகம். ஆனால் அந்த வாசனை தரும் வெல்லப்பாகே ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். பிஸ்கட் மெத்தென்று ஆகும், ஓரம் மழுங்கும், மேலே ஐசிங் காயாது. அதனால் வண்ணம் பூசும் பிஸ்கட்டுக்கு வேண்டாம். அதே மாவில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, வட்டமாக வெட்டி, பால் தடவி, மேலே டெமராரா என்னும் பரல் பரலான பழுப்புச் சர்க்கரையைத் தூவிச் சுடுங்கள். ஐசிங்கே தேவையில்லை. பெரியவர்கள் முதலில் தீர்ப்பது அந்தத் தட்டைத்தான்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு மாவு, மறுநாள் சுடுவது, அதற்கு மறுநாள் காலையில் நிரப்புவது. ஒரு பகலும் இரவும் காய்ந்த பிறகு, சுடரின் மஞ்சளும் அகலின் புள்ளிகளும். கடைசி ஒரு நாள் கையில் மிச்சம் இருக்கும். மழை வந்துவிட்டால் அது தேவைப்படும். நன்றாகக் காய்ந்ததை பேக்கிங் பேப்பர் இடையிட்டு இறுக்கமான டப்பாவில் அடுக்கினால் இரண்டு வாரம் தாங்கும்.

பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும்போது காத்தோ பதாத்தும் அதே தட்டில் வைப்போம் என்று எனக்குத் தெரியும். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் தேங்காயும் எண்ணெயும் சேர்ந்த அந்த ஈரம் ஒரு மணி நேரத்தில் ஐசிங்கை இளக்கிவிடும். விளக்குகளுக்குத் தனியாக ஒரு சிறிய பை போடுங்கள், வாயைக் கட்டி, தட்டின் ஓரத்தில் வைத்துக் கொடுங்கள்.